அக்காவுக்கும் தங்கச்சிக்கும் நடுவே

ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் உலகமே காலை நீட்டிப் படுத்திருக்கும். இந்த நாலு பேருக்கு மட்டும் அன்றைக்குத்தான் அலாரம் அடிக்கும் முன்பே விழிப்பு வந்துவிடும். விளக்கு வைத்த ஹெல்மெட், முழங்காலில் தடித்த பட்டை, கழுத்து முதல் கணுக்கால் வரை ஒரே துணியாகத் தைத்த உடுப்பு என்று மாட்டிக்கொண்டு மலையடிவாரத்துப் பொந்துக்குள் தலையை விட்டார்கள் என்றால், சாயங்காலம் சேற்றுப் பொம்மைகளாகத்தான் வெளியே வருவார்கள். எதற்கு இந்த வேலை என்று கேட்டால் ஒருவருக்கும் ஒழுங்காகப் பதில் சொல்லத் தெரியாது. "உள்ள வந்து பாருங்க, தெரியும்" என்பார்கள். கேட்டவர் வரவா போகிறார்? தலையில் அடித்துக்கொண்டு நகர்ந்துவிடுவார்.

நாலு பேரில் டீச்சர் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவள். அவள் கணவர் டைல்ஸ் மேஸ்திரி. இருபத்தெட்டு வருஷமாக மண்டி போட்டுத் தரை போட்டவர். மேஸ்திரியின் தங்கை ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். எலும்பும் தோலுமாக இருப்பதால் அவளுக்கு ஒல்லி என்று பெயர். எந்தச் சந்தாக இருந்தாலும் முதலில் அவளைத்தான் உள்ளே அனுப்புவார்கள். நாலாவது ஆள் பல் டாக்டர். வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்க்கிற மனுஷன், ஏழாவது நாளாவது வெட்டவெளியைப் பார்க்கக் கூடாதா என்று ஒல்லி அவரைக் கேலி செய்யாத வாரம் கிடையாது.

டீச்சர் முதல்முறை குகைக்குள் போனது ஆசைப்பட்டு இல்லை, கணவரைச் சண்டை போட்டு வெளியே இழுத்து வரத்தான். வாரம் ஒரு நாள் லீவு, அன்றைக்கும் மனுஷன் வீடு தங்குவதில்லை என்று கோபம் மூக்குக்கு மேல் ஏற, புடவையை மாற்றிக்கொண்டு பின்னாலேயே போய்விட்டாள். குனிந்து, தவழ்ந்து, திட்டிக்கொண்டே அவர் விளக்கைத் தொடர்ந்து போனவள் ஓரிடத்தில் நிமிர்ந்தாள். மேலே விளக்கைக் காட்டினாள். வெளிச்சம் போய் எதிலும் படவில்லை. அவ்வளவு உயரம். தினமும் பஸ் ஜன்னலில் பார்க்கிற அதே மலைக்குள், யாரும் கட்டாத ஒரு மண்டபம் யாருக்கும் சொல்லாமல் நின்றுகொண்டிருந்தது. அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அன்றைக்குப் போட வைத்திருந்த சண்டை இன்று வரை பாக்கி.

அந்த மலையில் இரண்டு குகைகள். மேற்குச் சரிவில் இருக்கும் பெரியதற்கு அக்கா என்றும், கிழக்கே இருக்கும் சின்னதற்குத் தங்கச்சி என்றும் ஒல்லிதான் பெயர் வைத்தாள். இரண்டும் உள்ளே எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்பது மேஸ்திரியின் பிடிவாதம். ஆனால் சேர்ந்துவிட்டது என்று வாயால் சொன்னால் போதாது. குகைக்காரர்களுக்கு அதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அந்தப் பக்கத்துக் குரல் கேட்டால் கணக்கில்லை, வெளிச்சம் தெரிந்தாலும் கணக்கில்லை. இந்த வாசல் வழியாகப் போனவரும் அந்த வாசல் வழியாகப் போனவரும் ஒருவரை ஒருவர் தொட வேண்டும். சுண்டு விரல் பட்டாலும் சரி. அதுவரை குகை வரைபடத்தில் அக்கா வேறு, தங்கச்சி வேறு.

படம் போடுவது டீச்சர். புது இடத்தில் அளக்காமல் ஓரடி எடுத்து வைக்கக் கூடாது என்பது அவர்களுடைய இன்னொரு கட்டுப்பாடு. ஒருவர் டேப்பைப் பிடித்துக்கொண்டு முன்னால் போவார். டீச்சர் திசைகாட்டியைக் கண்ணுக்கு நேரே தூக்கி அவர் விளக்கைக் குறி பார்த்து டிகிரி சொல்வாள். ஒல்லி நோட்டில் எழுதுவாள். முன்னாலிருந்து ஒருமுறை, பின்னாலிருந்து ஒருமுறை என்று இரண்டு தடவை பார்ப்பதுதான் முறை. ஏழெட்டு வருஷம் அப்படித்தான் பார்த்தார்கள். டீச்சர் ஒருநாளும் தப்பு விட்டதில்லை என்றதும் இரண்டாவது தடவை பார்ப்பதை விட்டுவிட்டார்கள். "டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று டாக்டர் சொன்னது டீச்சருக்கும் இனிக்கத்தான் செய்தது.

அக்காவின் கடைசியில் கிழக்கே போகிற நீண்ட தவழ்சந்து ஒன்று. அது முடிகிற இடத்தில் கல்லில் ஒரு விரிசல். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மேஸ்திரி அங்கே கன்னத்தை வைத்துப் பார்த்துவிட்டு, "காத்து வருது. அந்தப் பக்கம் பெரிய இடம் இருக்கு. உடைக்கலாம்" என்றார். டீச்சர் வீட்டுக்கு வந்து படத்தைப் போட்டாள். சந்து தங்கச்சியை விட்டு விலகிப் போயிருந்தது. நடுவில் எழுபது மீட்டர்.

"எழுபது மீட்டர் கல்லை நீங்க உளியால கொத்தப் போறீங்களா? காத்து எந்த ஓட்டையில வேணாலும் வரும்."

"எனக்கு என்னமோ அப்படித் தோணல."

"தோணுறதை எல்லாம் படத்துல போட முடியாதுங்க."

நம்பர் என்று வந்துவிட்டால் மேஸ்திரிக்கு அவள் சொல்தான் கடைசிச் சொல். விரிசலை விட்டுவிட்டார்கள். ஆனால் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவர் கன்னத்தை ஒருமுறை வைத்துப் பார்க்காமல் திரும்பியதில்லை.

இப்படி இருக்கும்போது அவருடைய இடது முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த எலும்பு டாக்டர், தேய்ந்து போச்சு, மாற்றியே ஆக வேண்டும் என்றார். தேதியும் குறித்தாகிவிட்டது. ஆபரேஷனுக்குப் பிறகு நடக்கலாம், மாடி ஏறலாம், மண்டி மட்டும் ஆயுளுக்கும் போடக் கூடாது. வேலையைக் கூட ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். குகைக்குள் ஆள் வைத்தா தவழ முடியும்? மிச்சம் இருந்தது ஐந்து ஞாயிறு. மேஸ்திரி முழங்கால் பட்டையைத் தினமும் எடுத்து எடுத்துத் துடைத்து வைத்தார்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். துடைப்பதற்காக எடுத்த திசைகாட்டி பக்கத்தில் கிடந்தது. திருத்தி முடித்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தாள். அது நடுவில் இரண்டாகப் பிரிகிற கண்ணாடி. மூக்குத்தண்டில் இரண்டு குட்டிக் காந்தம், சேர்த்தால் டக்கென்று ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியை வைத்ததும் திசைகாட்டியின் முள் துள்ளித் திரும்பியது. எடுத்தாள், பழைய இடத்துக்கு வந்தது. வைத்தாள், திரும்பியது.

டீச்சர் எழுந்து போய்ப் பழைய அளவு நோட்டை எடுத்துவந்தாள்.

கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிய ஆரம்பித்து அவள் இந்தக் கண்ணாடி வாங்கி இரண்டரை வருஷம் ஆகிறது. குகைக்குள் பொடி எழுத்து தெரியாதபோது, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து மாட்டிக்கொள்வாள். வயதாகிவிட்டது என்று ஒல்லி கேலி செய்வாளே என்ற வீம்பு. திசைகாட்டியைக் கண்ணுக்கு ஒட்டிப் பிடித்துப் பார்க்கும்போது அந்தக் காந்தம் அதற்கு இரண்டு விரல்கடை தூரத்தில் இருந்திருக்கிறது. அந்தத் தவழ்சந்து முழுவதையும் அவள் அதோடுதான் அளந்தாள். ஒரே ஒருமுறை வேறு யாராவது பின்னாலிருந்து பார்த்திருந்தால் அப்போதே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

சாயங்காலம் பல் டாக்டரின் கிளினிக்கில், நோயாளிகள் போன பிறகு காத்திருக்கும் பெஞ்சில் நாலு பேரும் உட்கார்ந்து மறுநாளுக்குத் திட்டம் போடுவது வழக்கம். அங்கே வைத்து டீச்சர் கண்ணாடியையும் திசைகாட்டியையும் நடு ஸ்டூலில் வைத்துக் காட்டினாள். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "என் தப்பு. அந்தச் சந்து எங்க போகுதுன்னே நமக்குத் தெரியாது. திரும்ப அளக்கணும்" என்றாள்.

டாக்டர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நானும்தான் ரெண்டாவது தடவை வேண்டாம்னு சொன்னேன்" என்றார். ஒல்லி, பாவம், கேலி செய்ய வாயெடுத்தவள் அண்ணன் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

மேஸ்திரி, "ரெண்டு வருஷம்" என்றார். எழுந்து வெளியே போனார்.

அன்று ராத்திரி அவர் சாப்பிட்டார், டிவி பார்த்தார், படுத்தார், அவளோடு பேசவில்லை. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கத்தி அவள் பார்த்திருக்கிறாள். இப்படி வாயை மூடிப் பார்த்ததில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது. காலையில் எழுந்தபோது அவர் உடுப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். டேப்பை அவள் கையில் கொடுத்தார்.

"வா, அளக்கலாம். கோபம் இருக்கு. ஆனா இருக்கிற ஞாயித்துக்கிழமையைக் கோபத்துக்குக் குடுக்க முடியாது."

அந்த ஞாயிறு முழுக்க அளந்தார்கள். கண்ணாடி பையில், டிகிரி படித்தவர் டாக்டர், ஒவ்வொரு இடமும் முன்னாலும் பின்னாலும். வீட்டுக்கு வந்து டீச்சர் புதுசாகப் படம் போட்டாள். பழைய படத்தில் ஒதுங்கிப் போன சந்து இப்போது நேராகத் தங்கச்சியின் கடைசி அறையைப் பார்த்து ஓடியது. எழுபது மீட்டர் இருபத்திரண்டாகச் சுருங்கியிருந்தது. அவள் இரண்டு முறை கூட்டிப் பார்த்தாள். பிறகு படத்தைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாள். அவர் அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "உளியெல்லாம் சாணை பிடிக்கணும்" என்றார்.

அடுத்த மூன்று ஞாயிறும் விரிசலைக் கொத்தினார்கள். தவழ்சந்தில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வேலை செய்ய முடியும். ஒருக்களித்துப் படுத்து, கையை நீட்டி, பொளிந்து எடுக்கிற கல்லைப் பின்னால் தள்ள வேண்டும். பின்னால் இருப்பவர் அதை வாளியில் இழுத்துக்கொள்வார். மேஸ்திரி உளி வைத்தால் கல் சொன்ன பேச்சைக் கேட்கும். மற்றவர்கள் கொத்தினால் அவருக்குப் பொறுக்காது. "பல்லு பிடுங்குற மாதிரி இழுக்காதீங்க டாக்டர், கல்லு தானா வரும்" என்பார். கால் வீங்கிவிட்டது. ஒவ்வொரு ஞாயிறும் வெளியே வந்ததும் ஐஸ் கட்டி வைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். டீச்சருக்குப் போதும் என்று சொல்ல வாய் வரை வந்தது, சொல்லவில்லை. சொல்கிற அருகதை தனக்கு இல்லை என்று நினைத்தாள்.

கடைசி ஞாயிறு வந்தது. புதன்கிழமை ஆபரேஷன்.

அன்றைக்கு இரண்டு அணியாகப் பிரிந்தார்கள். ஒல்லியும் டாக்டரும் தங்கச்சிக்குள். டீச்சரும் மேஸ்திரியும் அக்காவுக்குள். சரியாகப் பதினோரு மணிக்கு அந்தப் பக்கத்தவர்கள் சுத்தியலால் மூன்று மூன்றாகத் தட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. சாயங்காலம் ஐந்துக்குள் போன் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று வீட்டில் மகளிடம் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

பதினோரு மணிக்கு இருவரும் விரிசலில் காதை வைத்துக்கொண்டு படுத்திருந்தார்கள். முதலில் தங்கள் ரத்தம் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. பிறகு, கல்லுக்குள் எங்கிருந்தோ, டொக், டொக், டொக். மறுபடியும் மூன்று. மலை பதில் சொல்கிற மாதிரி இருந்தது. தட்டுவது ஒல்லிதான் என்று தெரிந்தும் டீச்சர் காதைக் கல்லில் இன்னும் அழுத்தினாள். மேஸ்திரி சுத்தியலைத் திருப்பிப் பிடித்து மூன்று தட்டினார். அப்புறம் அந்தப் பக்கம் தாறுமாறாக, கொண்டாட்டமாக, எண்ண முடியாத வேகத்தில் தட்டு விழுந்தது.

"கழுதை. சுத்தியலை உடைச்சுடப் போறா" என்றார் மேஸ்திரி.

அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. இரண்டு மணி நேரம் கொத்தினார். ஒரு கல் அசைந்தது, புரண்டது, முன்பக்கமாக விழுந்து ஒரு சின்னச் சத்தத்தோடு நின்றது. சில்லென்று காற்று முகத்தில் அடித்தது. திறப்பு ஒரு ஆள் நுழையும் அளவு வந்ததும் அவர் நகர்ந்து வழிவிட்டார்.

"நீ முதல்ல போ."

"நானா? ரெண்டு வருஷம் உங்களைத் தடுத்தவ நான்."

"அதான். போய்ப் பாரு, எதைத் தடுத்தேன்னு."

சொன்னதில் காரம் இருந்தது, ஆனால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். டீச்சர் டேப்பின் முனையை இடுப்பில் செருகிக்கொண்டு தவழ்ந்தாள். தலை வெளியே வந்தது, தோள் வந்தது. பாய் விரிக்கிற அளவு ஒரு பாறை மேடை. அதில் எழுந்து நின்று விளக்கை நிமிர்த்தினாள்.

பின்னால் மேஸ்திரி முனகிக்கொண்டே ஊர்ந்து வந்து, அவள் கையைப் பிடித்து எழுந்து, பக்கத்தில் நின்றார்.

அறை வட்டமாக இருந்தது. சுவர்கள் தேன் நிறத்தில் மடிப்பு மடிப்பாக உயர்ந்து மேலே இருட்டில் போய்ச் சேர்ந்தன. ஆனால் அவர்கள் சுவரைப் பார்க்கவில்லை. தரை முழுக்க வெள்ளை. ஒரு காலத்தில் அங்கே தண்ணீர் தேங்கி நின்று வற்றியிருக்க வேண்டும். அடியில் படிந்த சுண்ணாம்பு பூப்பூவாக, ஊசி ஊசியாக, விரல் உயரத்துக்கு எழுந்து நின்றது. ஒவ்வொரு இதழும் கண்ணாடி போல வெளிச்சத்தை வாங்கித் திருப்பிக் கொடுத்தது. டீச்சர் தலையைக் கொஞ்சம் அசைத்தால் அறை முழுக்க ஒரு மினுக்கம் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு ஓடியது. தரையில் ஒரு தூசி இல்லை, ஒரு உடைசல் இல்லை; எலி கூட நடந்த தடம் இல்லை. மனிதர்கள் உண்டாகும் முன்பிருந்து இது இப்படியே இருட்டில் பூத்துக்கிடந்திருக்கிறது. பார்க்க யாருமில்லை. யாரும் பார்க்க வேண்டும் என்று அது பூக்கவும் இல்லை. அதை நினைத்ததும் டீச்சருக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. மேஸ்திரியின் முழங்கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

மேலே எங்கிருந்தோ ஒரு சொட்டு விழுந்தது. டிங் என்று ஒரு சத்தம். எண்ணிக்கொண்டிருந்தாள், நாற்பது எண்ணிய பிறகுதான் அடுத்த சொட்டு.

அப்போது எதிர்ச் சுவரில் ஆள் உயரத்தில் ஒரு வெளிச்சப் புள்ளி தோன்றியது. இங்கே நின்று பார்த்தால் இருபது எட்டு வைக்கிற தூரம். புள்ளி மறைந்து, அதிலிருந்து ஒரு மெலிந்த கை முழங்கை வரை நீண்டு ஆடியது.

"அண்ணா! அண்ணி! என் கை தெரியுதா?"

"தெரியுது!" என்று மேஸ்திரி கத்தினார். குரல் அறையைச் சுற்றி வந்தது.

"எனக்குக் கூரை மட்டும்தான் தெரியுது. ஓட்டை மேல் பார்த்து இருக்கு. கைதான் போகும், தலை போகாது. இதுக்கு மேல உடைக்க முடியாது, சுத்தி ஒரே பாறை. நீ வந்து தொடு அண்ணா! சீக்கிரம், கை மரத்துப் போகுது!"

இருபது எட்டு வைக்க வேண்டியதுதான். நடந்து போய் ஒரு விரலைத் தொட்டால் போதும். பத்து வருஷத்து வேலை முடிந்தது. அக்காவும் தங்கச்சியும் ஒன்று. டீச்சர் விளக்கை இடமும் வலமும் ஓட்டினாள். சுவரோரம் ஒதுங்கிப் போக இடமில்லை. வெள்ளைப் பூக்கள் சுவர் வரை ஒட்டிப் போய் ஏறியிருந்தன. போவதென்றால் மிதித்துத்தான் போக வேண்டும். பூட்ஸைக் கழற்றிவிட்டுப் போனாலும் ஒவ்வொரு அடிக்கும் ஒரு பிடி நொறுங்கும். நொறுங்கியது நொறுங்கியதுதான், பிறகு எத்தனை ஆயிரம் வருஷம் காத்திருந்தாலும் இதே போல வராது.

வேறு எவராவது கேட்டிருந்தால் டீச்சர் வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பாள். புதன்கிழமை அவள் கண்முன் வந்தது. இந்த மனுஷன் இரண்டு வருஷத்துக்கு முன்பே, நல்ல காலோடு இங்கே வந்திருக்க வேண்டியவர். அப்போது வந்திருந்தால் வேறு வழி தேட எத்தனை ஞாயிறு இருந்திருக்கும்!

"போங்க" என்றாள்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"போய்த் தொட்டுட்டு வாங்க. நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஒரே ஒரு வரிசை தடம்தானே. என்னாலதான் உங்களுக்கு நேரம் இல்லாமப் போச்சு. போங்க."

மேஸ்திரி குனிந்து பூட்ஸைக் கழற்றினார். முழங்கால் மடங்காமல் அவர் பட்ட பாட்டைப் பார்த்து அவளே உட்கார்ந்து இரண்டாவது பூட்ஸை இழுத்துவிட்டாள். அவர் பாறை மேடையின் விளிம்புக்குப் போனார். காலைத் தூக்கினார். அந்தக் கால் அந்தரத்தில் நடுங்கிக்கொண்டே நின்றது. கீழே வெள்ளை மினுங்கியது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள்.

நொறுங்கும் சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தாள். அவர் காலைப் பின்னால் எடுத்து வைத்திருந்தார்.

"காயாத தரையில வீட்டுக்காரனே கால் வச்சாலும் நான் விடமாட்டேன். எத்தனை பேரைத் துரத்தியிருக்கேன்."

"இது எப்பவோ காஞ்ச தரைங்க."

"இல்ல. கேளு."

அவர் கையைத் தூக்கினார். இருவரும் காத்திருந்தார்கள். டிங்.

"கேட்டியா? இன்னும் வேலை நடந்துக்கிட்டுத்தான் இருக்கு. முடிஞ்சிருந்தாக் கூட மனசு வந்திருக்கும். வேலை செய்யுறவன் முன்னாடி அவன் தரையை எப்படி மிதிக்கிறது?"

எதிரே கை பொறுமையில்லாமல் விரலை ஆட்டியது. "என்ன பண்றீங்க ரெண்டு பேரும்? வரியா இல்லையா?"

"வரல. கையை உள்ள இழுத்துக்கோ."

"என்னது? ஏன்?"

அவர் சொன்னார். நடுவில் இருப்பது என்ன என்று சொன்னார். கை மெதுவாக உள்ளே போயிற்று. பிறகு டாக்டரின் குரல், ஓட்டையில் வாயை வைத்துப் பேசுவது போல, "எங்களுக்கு ஒண்ணும் தெரியலை மேஸ்திரி. எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்றது.

மேஸ்திரி விளக்கை அறையைச் சுற்றி ஒருமுறை ஓட்டினார்.

"வட்டமான ரூம் டாக்டர். அம்பது பேர் உட்காரலாம். தரை... வெள்ளை. ஒரு ஓரத்துலருந்து இன்னொரு ஓரத்துக்கு மட்டம் பார்த்தா நூல் பிசகாது. எங்கயும் ஜாயின்ட் இல்ல, வெட்டு இல்ல. சுவரோரத்துல எல்லாரும் கோட்டை விடுவோம் பாருங்க, அங்க கூட எப்படி முடிச்சிருக்குன்னு..." அவர் விளக்கு அந்த ஓரத்திலேயே நின்றது. "நான் எவ்வளவோ போட்டிருக்கேன். இப்படி ஒண்ணு போட்டதில்ல. யாரும் போட்டதில்ல."

அந்தப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சுவது கேட்டது. ஒல்லியாகத்தான் இருக்க வேண்டும்.

அவர்கள் மேடையில் உட்கார்ந்தார்கள். அவர் இடது காலை நீட்டிக்கொண்டார். டீச்சர் நோட்டை எடுத்து அறையை வரைந்தாள். தரையை வரையும் இடத்தில் பென்சில் நின்றது. எப்படி வரைவது என்று தெரியாமல் வெள்ளையாகவே விட்டாள். அக்காவின் கோடு ஒரு பக்கம் முடிந்தது. தங்கச்சியின் கோடு மறுபக்கம் முடிந்தது.

"வருத்தமா இருக்கா?" என்று கேட்டாள்.

"இருக்கு" என்றார். கொஞ்சம் கழித்து, "ரொம்ப இருக்கு" என்றார்.

அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் பரவாயில்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பொய்யை அவரைச் சொல்ல வைக்க அவளுக்கு விருப்பமில்லை. தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். சொட்டுகள் விழுந்தன. மணி மூன்று ஆனபோது, "கிளம்பணும், புள்ள பயந்துடும்" என்றாள்.

அவர் எழுந்தார். திறப்பின் முன்னால் போய் நின்றவர் தலையை உள்ளே விடவில்லை. திரும்பி, அறையைப் பார்த்தபடி, வயிற்றில் படுத்து, காலைப் பின்பக்கமாக உள்ளே விட ஆரம்பித்தார்.

"என்னங்க பண்றீங்க? அப்படிப் போனா முட்டி என்னத்துக்கு ஆகும்!"

"ஆகட்டும். புதன்கிழமை எப்படியும் மாத்தத்தானே போறாங்க. நீ முன்னாடி போ, பின்னாலருந்து வழி சொல்லு."

அவர் காலை வெளியே இழுத்து வழிவிட, டீச்சர் அவருடைய பூட்ஸையும் எடுத்துக்கொண்டு முதலில் சந்துக்குள் போனாள். உள்ளே திரும்ப இடம் இருந்த இடத்தில் உடம்பை மடக்கித் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவருடைய இரண்டு பாதங்கள் இருட்டில் தடவிக்கொண்டு அவளைப் பார்த்து வந்தன. இடது பாதத்தைக் கையில் பிடித்தாள். அது சில்லிட்டிருந்தது.

"இன்னும் ஒரு சாண் விடுங்க. வலது பக்கம் கல்லு இருக்கு, ஒதுங்குங்க. மெதுவா. இப்ப வாங்க."

அவர் வந்தார். அவருடைய விளக்கு மட்டும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது. சந்தின் சுவரில் அந்த வெள்ளை மினுக்கம் பட்டு, அவர் நகர நகரச் சின்னதாகிக்கொண்டே போயிற்று. அது அணையும் வரை அவள் அவசரப்படுத்தவில்லை.